எடை குறைந்த பிறகு தொங்கும் தோல்: இன்னும் ஐந்து கிலோ குறைத்தால் சரியாகுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 36. 112 கிலோ இருந்தவர், இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பாடுபட்டு 62 கிலோவுக்கு வந்திருக்கிறார். உயரம் 161 செ.மீ. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால் வலி போய்விட்டது. ஆனால் அடிவயிறு, மேல்கை, தொடையின் உள்பக்கம் எல்லாம் தோல் தொங்குகிறது. "உடை போட்டிருக்கும்போது எல்லோரும் பாராட்டுகிறார்கள். குளிக்கப் போனால் அழுகை வருகிறது. இதற்கா இவ்வளவு கஷ்டப்பட்டேன்? இன்னும் ஐந்து கிலோ குறைத்தால் இது உள்ளே போய்விடுமா? க்ரீம் ஏதாவது உண்டா? ஆபரேஷன்தான் வழியா? கணவரிடம்கூட இதைப் பேச முடியவில்லை" என்று கேட்கிறார்.

எடையை வெகுவாகக் குறைத்தவர்களுக்கு உணவு, உடற்பயிற்சி ஆலோசனை சொல்வதுதான் பல வருடமாக என் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இந்த ஐந்து கிலோ யோசனையை இப்போதே கைவிடுங்கள். உங்களுக்கான பதிலில் மிக முக்கியமான பகுதி இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். தொங்கும் தோல் எடைக் கணக்கில் மிச்சமிருக்கும் பாக்கி கிடையாது. அது வேறு பிரச்சினை, அதற்கான வைத்தியமும் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டவர்கள்தான் என்னிடம் வருபவர்களில் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

ஏன் தொங்குகிறது என்று முதலில் பார்ப்போம். தோலின் நடு அடுக்கில் இரண்டு வகை நார்கள் இருக்கின்றன. கொலாஜன் தோலுக்கு உறுதி தருவது. எலாஸ்டின், இழுத்தால் திரும்பச் சுருங்கும் தன்மையைத் தருவது. கொலாஜனை உடல் வாழ்நாள் முழுக்க ஓரளவு உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். எலாஸ்டின் அப்படி அல்ல. அதில் பெரும்பகுதி கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உருவாகிவிடுகிறது. வளர்ந்த பிறகு புதிதாக உருவாவது மிகக் குறைவு. வருடக்கணக்கில் தோல் இழுபட்டே இருந்தால் இந்த நார்கள் மெலிந்து, அங்கங்கே அறுந்துபோகின்றன. ரொம்ப நாள் இழுபட்டே இருந்த உடையின் எலாஸ்டிக், இடுப்பு சிறுத்த பிறகும் பழைய அளவிலேயே நிற்குமே, அதே கதைதான். நீங்கள் ஏதோ தவறாகச் செய்ததால் தோல் தொங்கவில்லை. சரியாகச் செய்து முடித்ததால்தான் அது வெளியே தெரிகிறது.

யாருக்கு எவ்வளவு தொங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எத்தனை கிலோ குறைந்தது, எத்தனை வருடம் அந்த எடையில் இருந்தோம், இப்போது என்ன வயது, பரம்பரை, பிரசவங்கள், புகைப்பழக்கம், வெயிலில் எவ்வளவு திரிந்தோம் என்று எல்லாமே சேர்ந்து தீர்மானிக்கின்றன. 25 வயதில் 15 கிலோ குறைத்தவருக்குத் தோல் தானாகவே இறுகிவிடலாம். 50 கிலோ குறைத்தவருக்கு, அது எந்த முறையில் குறைந்திருந்தாலும், ஓரளவு தொங்கத்தான் செய்யும். மெதுவாகக் குறைத்திருந்தால் தொங்கியிருக்காது என்று யாராவது சொன்னால் மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இவ்வளவு பெரிய மாற்றத்தில் வேகம் ஒரு சிறு பங்குதான். உணவுக் கட்டுப்பாடு, செமாக்ளூட்டைட் போன்ற எடைக்குறைப்பு ஊசி மருந்து, இரைப்பை அறுவை சிகிச்சை, எந்த வழியில் வந்தவர்களுக்கும் இதே கதைதான்.

எடை நிலையாகி ஓரிரு வருடம் வரை தோல் மெல்ல மெல்லச் சுருங்கும். நீங்கள் இப்போது பார்ப்பதே முடிவான நிலை என்று நினைக்க வேண்டாம். அதே சமயம், அடிவயிற்றில் மடிந்து தொங்கும் தோல் காலப்போக்கில் முழுதாக மறைந்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். கொஞ்சம் குறையும். மடிப்பு மடிப்பாகத்தான் இருக்கும்.

சரி, அந்த ஐந்து கிலோவுக்கு வருவோம். உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், இப்போது 24 அளவில் இருக்கிறது. மருத்துவ ரீதியாக அவசரமாகக் குறைக்க வேண்டிய எதுவும் இல்லை. தொங்கும் பகுதியை இரு விரலால் பிடித்துப் பாருங்கள். தடிமனாக, கனமாக இருந்தால் உள்ளே இன்னும் கொழுப்பு இருக்கிறது. மெல்லியதாக வழுக்கிக்கொண்டு வந்தால் அது பெரும்பாலும் வெறும் தோல். பட்டினி கிடந்து வெறும் தோலைக் கரைக்க முடியாது. கரைவது அதற்குக் கீழே இருக்கும் தசை. எடை குறையும்போது, பயிற்சி செய்யாமல் குறைத்தால், போகிற எடையில் ஏறக்குறைய கால் பங்கு தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத பகுதியாக இருப்பது சாதாரணம். ஏற்கெனவே 50 கிலோ குறைத்திருக்கிறீர்கள், தசையிலும் நிறையப் போயிருக்கும். இன்னும் சாப்பாட்டைக் குறைத்தால் கை இன்னும் மெலியும், தோல் இன்னும் தளரும். "குறைக்கக் குறைக்க மோசமாகத் தெரிகிறதே" என்று பயந்து இன்னும் குறைப்பார்கள். இந்தச் சுழலில் மாட்டி, தலைமுடி கொட்டி, மாதவிலக்கு நின்று, தலைசுற்றலோடு வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தராசில் எண் குறைந்துகொண்டேதான் இருந்தது. கண்ணாடியில் எதுவும் மாறவில்லை.

இப்போது உங்களுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரான வேலை. குறைப்பதை நிறுத்திவிட்டு, தசையைக் கட்டுங்கள். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் எடைப் பயிற்சி. டம்பெல், ரப்பர் பட்டை, ஜிம் மெஷின், உடம்பின் எடையையே தூக்கும் பயிற்சி என்று எது கைக்கு வருகிறதோ அது. மேல்கையில் பெரும்பகுதியை நிரப்பியிருப்பது பின்பக்கத் தசைதான். அது வளர்ந்தால் தளர்ந்த தோலுக்குக் கீழே கொஞ்சம் பிடிமானம் வரும். தொடை, இடுப்பின் பின்பகுதி, தோள், முதுகு ஆகியவற்றிலும் நல்ல வித்தியாசம் தெரியும். வயிற்றில் மட்டும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். எத்தனை க்ரஞ்ச் போட்டாலும் தொங்கும் மடிப்பு மேலே ஏறாது. பிரசவமான பெண்களுக்கு வயிற்றின் நடுவில் இரு தசைகளும் விலகிப்போய் இருக்கலாம். அப்படி இருக்கிறதா என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை பார்த்துக்கொண்டு அப்புறம் வயிற்றுப் பயிற்சி தொடங்குவது நல்லது.

புரதம் ஒரு கிலோ உடல் எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 75 முதல் 100 கிராம் வரை வரும். ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். சர்க்கரை நோய் இருந்திருக்கிறது என்பதால் சிறுநீரகப் பரிசோதனை செய்துகொண்டு, மருத்துவரைக் கேட்டுவிட்டு இதைத் தொடங்குங்கள். தராசில் இரண்டு கிலோ ஏறினால் பதற வேண்டாம். தசை கூடும்போது அப்படி ஏறத்தான் செய்யும், அது நல்ல சேதி.

க்ரீம் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மேலே தடவும் எந்தக் க்ரீமும் அறுந்துபோன நாரை ஒட்டவைத்து மடிப்பை ஏற்றிவிடாது. மாய்ஸ்சரைசர் தோலை வறளாமல் வைத்துக்கொள்ளும், அரிப்பைக் குறைக்கும். அதற்காகத் தாராளமாகத் தடவலாம். ரெட்டினாய்டு க்ரீம்கள் முகத்தின் மெல்லிய சுருக்கங்களுக்கு உதவும். அடிவயிற்றுக்கு அல்ல. கொலாஜன் பொடி பற்றி வந்திருக்கும் ஆய்வுகள் தோலின் ஈரப்பதம், நெகிழ்வு ஆகியவற்றில் சிறு முன்னேற்றத்தைத்தான் காட்டுகின்றன. 50 கிலோ குறைத்தவரின் தொங்கும் தோலுக்கு அது எந்த மூலைக்கு? ரேடியோ ஃப்ரீக்வன்சி, அல்ட்ராசவுண்ட் போன்ற மெஷின் சிகிச்சைகள் லேசான தளர்ச்சிக்கு ஓரளவு பலன் தரும். கையில் மொத்தமாகப் பிடிக்கிற அளவு தோல் இருந்தால் அதில் பணத்தைப் போடாதீர்கள். தொங்கும் தோலுக்குக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் மட்டும் செய்துகொண்டால், உள்ளே தாங்கியிருந்த கொஞ்ச நஞ்சக் கொழுப்பும் போய் இன்னும் தளர்ந்துவிடும். வரித் தழும்புகள் மட்டும் நாளாக நாளாகச் சிவப்பு மங்கி வெளிறிப்போகும். அதற்காகச் செலவு செய்யவே வேண்டாம்.

அடுத்தது அன்றாடப் பராமரிப்பு. பல பேர் வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ரகசியமாக அவதிப்படுவது இந்த இடத்தில்தான். அடிவயிற்று மடிப்புக்குள்ளும் மார்பகத்துக்குக் கீழும் தொடை இடுக்கிலும் காற்று போகாது. வேர்வை தங்கும், தோலோடு தோல் உரசும், சிவந்து எரியும். அப்புறம் பூஞ்சை வந்து உட்கார்ந்துகொள்ளும். சுத்தக் குறைவால் வருவது என்று நினைத்துச் சோப்பைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்ப்பார்கள், அதில் புண்ணாகிவிடும்.

இப்படிச் செய்யுங்கள். குளிக்கும்போது மென்மையான சோப்பு போதும், மடிப்பைத் தூக்கிப் பிடித்து நன்றாக நீர் விட்டு அலசுங்கள். குளித்து முடித்ததும் மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு துடைத்தால் மடிப்பின் அடிக்கோடு எப்போதும் ஈரமாகவே நின்றுவிடும். ஒரு கையால் மடிப்பை மேலே தள்ளிப் பிடித்து, பழைய பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஹேர் டிரையர் இருந்தால் குளிர்காற்று அளவில் வைத்து, ஒரு முழ தூரத்தில் பிடித்து, ஒரு நிமிடம் காட்டுங்கள். சூடு வைக்கவே கூடாது, மடிப்புத் தோலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுடுவதே தெரியாது. பிறகு மடிப்புக்குள் மெல்லிய பருத்தித் துணிப் பட்டை ஒன்றை வைத்துக்கொண்டால், அது வேர்வையை உறிஞ்சும், உரசலையும் தடுக்கும். ஈரமானதும் மாற்றிவிடுங்கள். பவுடரை அள்ளிப் போட்டால் வேர்வையோடு சேர்ந்து கட்டியாகி, அதுவே உரசும்.

சிவந்த இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் பரவினால் பூஞ்சையாக இருக்கலாம். குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சைக் க்ரீம் பெரும்பாலும் கேட்கும். ஸ்டீராய்டு கலந்த க்ரீமை மருத்துவர் சொல்லாமல் போடவே போடாதீர்கள். இரண்டு நாளில் அரிப்பு நின்றதுபோல இருக்கும். ஆனால் பூஞ்சை உள்ளுக்குள் பரவும், ஏற்கெனவே மெலிந்த தோல் இன்னும் மெலியும். சிவப்பு வேகமாகப் பரவுகிறது, தொட்டால் சூடாக வலிக்கிறது, சீழ் வடிகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். இப்படி அடிக்கடி வந்து போனால் ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்துவையுங்கள். பின்னால் அறுவை சிகிச்சை அழகுக்காக அல்ல, மருத்துவத் தேவைக்காக என்று காட்ட வேண்டி வந்தால் அந்தப் பதிவு கைகொடுக்கும்.

நடக்கும்போதும் பயிற்சியின்போதும் தோல் ஆடி வலித்தால் உடம்போடு ஒட்டிப் பிடிக்கும் கம்ப்ரெஷன் உடையை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். மறைப்பதற்காகப் போடுவதாக நினைக்காதீர்கள். இழுவை குறைந்தால் தைரியமாக நடப்பீர்கள், அவ்வளவுதான். மூச்சு முட்டுகிற அளவு இறுக்கமாக மட்டும் வேண்டாம், இரவில் கழற்றிவிடுங்கள்.

இனி மனது. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

என்னிடம் வந்த ஒருவர், என் அறையில் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே வரும்போது பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு, கைப்பையை மார்போடு அணைத்து நுழைந்தார். அந்த இடைவெளியில் அவரைப் போல இரண்டு பேர் நேராக நடந்து வரலாம். எடை குறைந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாற்காலியில் உட்காரும் முன் கைப்பிடி அகலத்தைக் கண்ணால் அளந்தார். நானும் பார்த்தேன், அவரும் நான் பார்த்ததைக் கவனித்தார். "இன்னும் அப்படியே வருகிறது" என்றார். உடல் சுருங்கும் வேகத்துக்கு மூளையில் பதிந்திருக்கும் உடல் வரைபடம் மாறுவதில்லை. எடை குறைந்த பிறகும் தன்னைப் பழைய பருமனிலேயே உணர்வது பலருக்கும் இருப்பதை உளவியல் ஆய்வாளர்கள் பல வருடங்களுக்கு முன்பே பதிவு செய்திருக்கிறார்கள். குழந்தைப் பருவத்திலிருந்தே பருமனாக இருந்து, கேலி கேட்டு வளர்ந்தவர்களிடம் இது இன்னும் ஆழமாக இருக்கிறது. ஆகவே நீங்கள் கண்ணாடியில் பார்ப்பது தோலை மட்டும் அல்ல. பழைய எடையையும் அந்த நாளில் கேட்ட பேச்சுகளையும் சேர்த்துத்தான் பார்க்கிறீர்கள். தோலை வெட்டி எடுத்தாலும் அந்தப் பகுதி அங்கேயே இருக்கும்.

"இதற்கா இவ்வளவு கஷ்டப்பட்டேன்" என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்குள் ஒரு துக்கம் இருக்கிறது. எடை குறைந்தால் கிடைக்கும் என்று மனதில் ஓர் உடம்பை வரைந்து வைத்திருந்தீர்கள். அந்த உடம்பு வரவில்லை. வராததற்காக அழுவது நன்றிகெட்டதனம் ஆகாது. சர்க்கரை கட்டுக்குள் வந்ததற்குச் சந்தோஷப்படுங்கள், இதற்காக அழவும் செய்யுங்கள், இரண்டுக்கும் இடம் இருக்கிறது. உடல் நன்றாக ஆகிவிட்டதே, இன்னும் என்ன குறை என்று சொல்பவர்களுக்கு இது புரியாது. பாராட்டுகளும் சில சமயம் குத்தும். இத்தனை வருடம் ஏறெடுத்தும் பார்க்காதவர்கள் இன்று ஓடி வந்து பேசும்போது, அப்போது நான் யாராக இருந்தேன் என்று தோன்றுவது நியாயமான கேள்வி. அதற்காக அவர்களோடு சண்டை போட வேண்டாம். உடம்பைப் பற்றிய பேச்சை நீட்டாமல் "நன்றி, உடம்புக்கு நல்லா இருக்கு" என்று முடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போகலாம்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? இரண்டு பழக்கங்களைக் குறைக்க வேண்டும். ஒன்று, ஒரு நாளைக்குப் பல முறை தோலைப் பிடித்து இழுத்துப் பார்ப்பது, இழுத்து ஒட்டவைத்து "இப்படி இருந்தால் எப்படி இருக்கும்" என்று பார்ப்பது, தினமும் போட்டோ எடுத்து ஒப்பிடுவது. ஒவ்வொரு முறையும் மனம் இன்னும் கீழேதான் போகும். இன்னொன்று நேர் எதிர்: கண்ணாடியையே பார்க்காமல் தப்பிப்பது, இருட்டில் உடை மாற்றுவது, நீச்சலுக்கும் வெளியூருக்கும் போகாமலே இருப்பது. தப்பிக்கத் தப்பிக்கப் பயம் வளரும்.

உடல் பற்றிய மனக்கஷ்டத்துக்கு உளவியல் ஆலோசகர்கள் செய்யவைக்கும் கண்ணாடிப் பயிற்சி ஒன்று இருக்கிறது. முழு உருவம் தெரிகிற கண்ணாடி முன்னால், சாதாரணமாக நிற்கிற தூரத்தில் நில்லுங்கள். முதலில் உடையோடு நின்றால் போதும், நாள் போகப் போகக் குறைந்த உடையில். தலையிலிருந்து பாதம் வரை வரிசையாகப் பார்த்து, தீர்ப்பு சொல்லாமல் வாய்விட்டு விவரியுங்கள். "அசிங்கமான வயிறு" என்று சொல்லக் கூடாது. "தொப்புளுக்குக் கீழே தோல் மடிந்திருக்கிறது, நிறம் கொஞ்சம் வெளுப்பு, இடது பக்கம் சற்று நீளம்" என்று சொல்லலாம். ஐந்து நிமிடம் போதும். வயிற்றில் மட்டும் கண் நிலைத்துவிட்டால், தோளுக்கும் முழங்காலுக்கும் நகர்த்துங்கள். முதல் சில நாட்கள் கஷ்டமாக இருக்கும். தாங்க முடியாத அளவு இருந்தால் தனியாகச் செய்ய வேண்டாம், ஆலோசகரோடு செய்யுங்கள். உடம்பை நேசித்தே ஆக வேண்டும் என்று உங்களை நான் வற்புறுத்தமாட்டேன். வெறுக்காமல் அதோடு இருக்கப் பழகினாலே பெரிய விஷயம், பலருக்கு அங்கேதான் நிம்மதி கிடைக்கிறது.

இன்னொன்று, பெரிய அளவு உடைகளை இன்றே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். இப்போதைய அளவுக்குச் சரியாகப் பொருந்தும் இரண்டு மூன்று நல்ல உடைகளை வாங்குங்கள். "தோல் சரியான பிறகு வாங்கிக்கொள்கிறேன்" என்று தொளதொளவென்று திரிந்தால் மூளை பழைய கணக்கிலேயே நிற்கும்.

கணவரிடம் பேசுவதைப் பற்றி. அவர் ஏற்கெனவே கவனித்திருப்பார். நீங்கள் ஒதுங்குவதையும் கவனித்திருப்பார், காரணம் தெரியாமல் தன்மேல் ஏதோ கோபம் என்றுகூட நினைத்திருக்கலாம். சண்டை இல்லாத ஒரு பகல் நேரத்தில், நடந்துகொண்டோ வேலை செய்துகொண்டோ பேசுங்கள். "எனக்கு என் தோலைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கிறது, உங்கள் மேல் எதுவும் இல்லை" என்ற அளவில் தொடங்கினால் போதும். அவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். உடனே தீர்வு சொல்ல வேண்டாம், வயிற்றில் கை வைக்க வேண்டாம், அல்லது தைரியமாக வைக்கலாம் என்று எதுவானாலும் சரி. நாம் சொல்லாமல் அவர் சரியாக ஊகிப்பார் என்று எதிர்பார்த்தால் இருவருக்கும் ஏமாற்றம்தான்.

நாளில் பல மணி நேரம் இதே நினைப்பாக இருக்கிறது, இதற்காக வேலைக்கோ வெளியிலோ போக முடியவில்லை, சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறேன், பேதி மாத்திரை போடுகிறேன் என்றால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் அன்றே நெருங்கியவர் ஒருவரிடம் சொல்லி, மருத்துவ உதவிக்குப் போங்கள். எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலருக்குப் பிற்பாடு இந்த எண்ணம் வருவதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று குடும்பம் நினைத்திருக்கும் நேரத்தில் வருவதால் யார் கண்ணிலும் படாமல் போகிறது.

கடைசியாக ஆபரேஷன். அதிகமாகத் தொங்கும் தோலை உண்மையில் எடுக்கக்கூடிய வழி இது ஒன்றுதான், அதில் சந்தேகமில்லை. சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் செய்தால் நடப்பது, உடுத்துவது, உடல் பற்றிய எண்ணம் எல்லாம் மேம்படுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இது ஒரு பண்டமாற்று. தொங்கும் தோலைக் கொடுத்துவிட்டு நீளமான தழும்பை வாங்கிக்கொள்கிறீர்கள். வயிற்றில் ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை, சிலருக்கு உடம்பைச் சுற்றியே ஓடும். மேல்கையில் அக்குளிலிருந்து முழங்கை வரை. தொடையில் இடுக்கிலிருந்து சில சமயம் முழங்கால் வரை இறங்கும். கைத் தழும்பு, கையில்லாத உடையில் தெரியும். தொங்கும் தோலைவிட அந்தக் கோடு பரவாயில்லை என்று மனதார நினைப்பவர்கள் செய்துகொள்ளலாம். இரண்டுமே இல்லாத உடம்பு வேண்டும் என்பவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது.

வயிற்றிலேயே இரண்டு வகை இருக்கிறது. தொங்கும் மடிப்பை மட்டும் வெட்டி எடுப்பது பேனிகுலெக்டமி. தோலை எடுப்பதோடு விலகிய தசைகளைச் சேர்த்துத் தைத்து, தொப்புளை இடம் மாற்றி வைப்பது அப்டாமினோபிளாஸ்டி, டம்மி டக் என்று சொல்கிறார்களே, அது. முன்னது பெரும்பாலும் மருத்துவத் தேவைக்கு, பின்னது வடிவத்துக்கும் சேர்த்து. வெட்டி எடுப்பது எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் சில கிலோதான் இருக்கும். தராசில் பெரிய மாற்றத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வயிறு, கை, தொடை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்வதைவிட, சில மாத இடைவெளி விட்டுக் கட்டம் கட்டமாகச் செய்வதுதான் பொதுவாகப் பாதுகாப்பு.

எடை குறைந்தபட்சம் மூன்று முதல் ஆறு மாதம் ஏறாமல் இறங்காமல் நிலையாக இருந்த பிறகுதான் தேதி குறிப்பார்கள். இரைப்பை அறுவை சிகிச்சை செய்தவர்கள் அதிலிருந்து ஒன்று, ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து கிலோவைத் துரத்திக்கொண்டே இருந்தால் இந்த நிலைத்தன்மை வரவே வராது. இன்னொரு குழந்தை வேண்டும் என்ற யோசனை இருந்தால் வயிற்று ஆபரேஷனை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, பி12, புரதம் எல்லாம் சரியான அளவில் இல்லாவிட்டால் தையல் ஆறாது. எடை குறைத்தவர்களிடம் இந்தக் குறைபாடுகள் அடிக்கடி இருக்கும். புகைப்பவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்பே முழுதாக நிறுத்த வேண்டும். எடைக்குறைப்பு ஊசி போடுபவர்கள் மயக்க மருந்து கொடுப்பவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும், இரைப்பை காலியாகத் தாமதமாகும் என்பதால்.

சிக்கல்களைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நல்லது செய்தவனாக மாட்டேன். தோலுக்குக் கீழே நீர் கோத்துக்கொள்வது, தையல் ஓரம் பிரிவது, தொற்று ஆகியவை அரிதல்ல. இவற்றில் பெரும்பாலானவை கட்டுப் போட்டே ஆறிவிடும், ஆனால் வாரக்கணக்கில் இழுக்கும். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது அபூர்வம், ஆனால் உயிருக்கே ஆபத்து. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலின் ஆடுதசை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, காலை வரை பார்ப்போம் என்று இருக்காமல் உடனே ஓடுங்கள். தொப்புளுக்குக் கீழே மரத்துப்போன உணர்வு பல மாதம் இருக்கும், சிறு பகுதியில் நிரந்தரமாகவும் நின்றுவிடலாம். மிச்சமிருக்கும் தோலிலும் எலாஸ்டின் குறைவுதான் என்பதால் ஒரு வருடத்தில் கொஞ்சம் மறுபடி தளரும்.

முதல் வாரம் கூன் போட்டுத்தான் நடப்பீர்கள், நேராக நிமிர்ந்தால் தையல் இழுக்கும். நீர் வடியும் குழாய் இடுப்பில் தொங்கலாம். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு இரண்டு மூன்று வாரத்தில் திரும்பலாம், கனமான எதையும் ஆறு வாரம் தூக்கக் கூடாது. வீக்கம் வடியச் சில மாதம், தழும்பின் சிவப்பு மங்க ஒரு வருடத்துக்கும் மேல். இரண்டாவது வாரத்தில் வீங்கிய வயிற்றையும் சிவந்த கோட்டையும் பார்த்து "ஏன்தான் செய்தேனோ" என்று தோன்றும். அநேகம் பேருக்குத் தோன்றுவதுதான். அந்த வாரத்தில் வீட்டில் கூட இருக்க ஒருவரை முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் சர்ஜனை முதல் தடவை பார்க்கும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்: வெகுவாக எடை குறைந்தவர்களுக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறீர்கள்? அவர்களின் ஒரு வருடம் கழித்த போட்டோக்களைக் காட்ட முடியுமா, தழும்பு தெரிகிற மாதிரி? என் உடம்பில் கோடு எங்கே தொடங்கி எங்கே முடியும், பேனாவால் வரைந்து காட்டுவீர்களா? எந்த மருத்துவமனை, தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா? தையல் பிரிந்தால் அதைச் சரிசெய்யும் செலவு யாருடையது? எனக்கு இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்கு "ஒன்றும் ஆகாது, நீங்கள் விரும்பினால் மட்டும்" என்று நேர்மையாகச் சொல்பவரை நம்பலாம். முதல் சந்திப்பிலேயே முன்பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்துகிற இடத்தில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.